ட்ரிக்கர் மீன் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒருவர் தன் தொட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். உப்புநீர்த் தொட்டி. விரல் நீளத்தில் ஒரு கிளவுன் ட்ரிக்கர் (ட்ரிக்கர் என்னும் கடல்மீன் குடும்பத்தில் ஓர் இனம்), பக்கத்திலேயே நீளத் துடுப்பும் விஷமுள்ளும் கொண்ட ஒரு லயன் மீன். "ஆறு மாசமா ஒரு சண்டையும் இல்ல" என்று பெருமையாக ஒரு வரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரி ஒரு படம் ஒரு காலத்தில் என்னிடமும் இருந்தது.

உப்பின் அளவு, தொட்டி பதமாகும் முன்பே மீன் விடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

"இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலையே" என்று நம்புவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். குட்டி ட்ரிக்கர் அடங்கி இருப்பதைப் பார்த்து அதன் குணமே அப்படி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது அடங்கி இருப்பது சின்னதாக இருப்பதால், வேறொன்றுமில்லை. கிளவுன் ட்ரிக்கர் கடலில் 50 செ.மீ. வரை வளரும். உடம்பு பெருக்கப் பெருக்க, தொட்டி முழுவதும் தனக்கே என்று எண்ணத் தொடங்கும்.

என் தொட்டியில் எட்டு மாதம் அமைதி. ஒருநாள் காலை லயனின் மார்புத் துடுப்பில் ஒரு ஓரத்தைக் காணோம். துடுப்பு அழுகல் நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஒரு வாரம் வீணாக்கினேன். உற்றுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அழுகல் என்றால் ஓரம் நைந்து, வெளுத்து, பிசிறு பிசிறாக இருக்கும். இதுவோ பிஸ்கட்டைக் கடித்த மாதிரி சுத்தமான அரைவட்டம். பத்தாம் நாள் லயனுக்கு ஒரு கண் இல்லை. அதன்பின் அது தீனி எடுக்கவே இல்லை.

லயனுக்கு விஷமுள் இருக்கிறதே, ட்ரிக்கர் கிட்டே போகாது என்றுதான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலியையே வாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் புரட்டிப்போட்டு, அடிப்பக்கமாகக் கடித்துத் தின்னும் இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. மெதுவாக அசையும் நீளத் துடுப்பு அதற்கு எம்மாத்திரம்?

சரி, ட்ரிக்கரையாவது பிடித்து வேறு தொட்டியில் விடலாம் என்றால், அது பாறை இடுக்கில் புகுந்து முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டது. பெரிய முள்ளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன முள் தாழ்ப்பாள் போட்டுவிடும். அந்தப் பொறியமைப்பால்தான் ட்ரிக்கர் (துப்பாக்கி விசை) என்ற பெயரே வந்தது. இழுத்தால் காயப்படுமே தவிர வெளியே வராது. எல்லாப் பாறையையும் வெளியே எடுத்து, அது ஒளிந்திருந்த கல்லோடு சேர்த்துத்தான் தூக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

ஆகவே, குட்டியாக வாங்கும்போதே அது வளர்ந்த பிறகு யாரோடு இருக்கும் என்று யோசியுங்கள். பெரிய தொட்டியில் மோரே ஈல், குரூப்பர், முரட்டு சர்ஜன் மீன் போன்றவை தாக்குப்பிடிக்கலாம். தாக்குப்பிடிக்கும் என்று எழுதித் தர மாட்டேன்.

ட்ரிக்கரை முதலில் விடுவது

கடைசியில்தான் விட வேண்டும்.

எல்லா ட்ரிக்கரும் ஒன்று என்று நினைப்பது

அண்டுலேட்டட் ட்ரிக்கருக்குத் தனித் தொட்டிதான், 30 செ.மீ. உடம்பில் அத்தனை மூர்க்கம். பிகாசோ இடைப்பட்ட ரகம், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நைகர், புளூ த்ரோட் இரண்டும் நடுநீரில் மிதந்து வரும் மிகச் சிறிய உயிரினங்களை அதிகம் தின்பவை என்பதால் ஓரளவு சமத்து. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது புளூ த்ரோட்தான். ஆனால் நைகரும் பெரிதாக வளரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இறால், நண்டு, நத்தையைத் துணைக்கு விடுவது

அதற்குப் பெயர் தீனி.

வலையில் பிடிப்பது

முள் வலையில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். விரலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தென்ற தீனி மட்டும் போடுவது

இதன் பற்கள் ஓட்டை நொறுக்குவதற்கானவை, கடிக்க ஏதாவது கடினமாக வேண்டும். வாரத்தில் சில நாள் ஓடு நீக்காத இறாலோ சிப்பியோ போடுங்கள். ஓடு நொறுங்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். அதைக் கேட்ட அன்றுதான் ஹீட்டர் வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து வைத்தேன்.