டெங்கு ஒரு வீட்டுக்கு வைத்த செலவைக் கணக்கிட

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான், நாள் கணக்கில் இல்லை. ஆகவே “எத்தனை நாள் வேலை போச்சு?” என்று கேட்டால் பதில் தேறாது. கம்பெனி கொடுத்த இலையும் சுற்றிக் கொடுத்த பீடியும் பதிவாகும் பாஸ்புக்கை வாங்கி, காய்ச்சல் வாரத்துப் பீடியை முந்தைய நாலு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். குறைந்ததற்குக் கூலி போடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உட்கார்ந்த தாயின் இழப்பும் சேரும். அந்த வாரம் கம்பெனியே இலை குறைத்துக் கொடுத்திருக்கலாம். காய்ச்சல் வராத பக்கத்து வீட்டுப் பாஸ்புக் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மருந்து, ஆட்டோ, துணைக்கு இருந்தவர் சாப்பாடு எல்லாம் தனித்தனியாக.

பலரும் சறுக்குவது நகை அடகில். 20,000 ரூபாய்க்கு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தால் அசலைச் சேர்க்காதீர்கள், அது பில்லிலேயே வந்துவிட்டது. வட்டி மட்டும் சேரும். நகை மூழ்கிவிட்டால், அன்றைய விலையில் கடன்பாக்கி போக மிச்சமும் இழப்புதான்.

உடல்நோவு இதில் வராது. எனவே தொகையைக் ‘குறைந்தபட்சம்’ என்றே எழுதுங்கள்.