அமெரிக்க மாநில ஆளுநரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி?

‘ஆளுநர்’ என்றதுமே இந்தியத் தமிழ் வாசகருக்குக் குடியரசுத் தலைவரின் நியமன உத்தரவுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகத்தை நடத்துவதில் அவர் நம் முதல்வரைப் போன்றவர். ஆனால் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. இதை முதல் பத்தியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ஜெர்ரி பிரவுனை எடுத்துக்கொள்வோம். சறுக்கும் இடங்கள் அத்தனையும் அவர் வாழ்க்கையில் உண்டு.

எழுத உட்காருமுன் பதவிகளை ஆண்டு வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்பு 1938 ஏப்ரல் 7, சான்பிரான்சிஸ்கோ. 1971 முதல் மாநிலச் செயலாளர், 1975–83 ஆளுநர், 1999–2007 ஓக்லாந்து மேயர், 2007–11 மாநில அட்டர்னி ஜெனரல், 2011–19 மறுபடியும் ஆளுநர். நடுவே உள்ள இடைவெளி கண்ணில் படும். பதவிப் பட்டியலில் தெரியாத தோல்விகளும் உண்டு: 1982இல் அமெரிக்க செனட் தேர்தலில் தோற்றார், 1976, 1980, 1992 என மூன்று முறை அதிபர் வேட்பாளராக முயன்றும் கட்சி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவற்றை விட்டுவிட்டால் அது வாழ்க்கைக் குறிப்பு அல்ல, பாராட்டு மடல்.

தேர்தல் நாளும் பதவியேற்பு நாளும் வேறு. பிரவுன் வென்றது 1974 நவம்பரில், பதவியேற்றது 1975 ஜனவரி 6இல். ‘1974இல் ஆளுநரானார்’ என்பது பிழை. இரண்டு காலகட்டங்களுக்கும் வரிசை எண்ணும் தனித்தனி: 34ஆவது, 39ஆவது ஆளுநர். அவருடைய தந்தை பாட் பிரவுன் 32ஆவது ஆளுநர் (1959–67). இருவருக்கும் ஒரே இயற்பெயர், எட்மண்ட் ஜெரால்ட் பிரவுன். அதனால் வெறுமனே ‘ஆளுநர் பிரவுன்’ என்று எழுதினால் யாரென்று தெரியாது.

அதிகம் பிழை வருவது பதவிப் பெயர்களில். மாநிலச் செயலாளரை ‘வெளியுறவு அமைச்சர்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்று ஆங்கிலப் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் வினை. கலிபோர்னியாவில் அவர் தேர்தல்களை மேற்பார்க்கும் அதிகாரி. அதேபோல் ‘துணைநிலை ஆளுநர்’ என்றால் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும்; ‘துணை ஆளுநர்’ போதும். கலிபோர்னியாவில் துணை ஆளுநருக்குத் தனித் தேர்தல். ஜனநாயகக் கட்சிக்காரரான பிரவுனின் இரண்டாம் பதவிக் காலத்தில் துணை ஆளுநராக இருந்த மைக் கர்ப், குடியரசுக் கட்சி. பிரவுன் மாநில எல்லையைத் தாண்டியதும் கர்ப் பொறுப்பு ஆளுநராகி உத்தரவுகளில் கையெழுத்திட்டார். இதை விளக்காமல் அந்த மோதலை எழுதினால் வாசகருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

‘இரண்டு முறைக்கு மேல் ஆளுநராக முடியாதே, இவர் எப்படி நான்கு முறை?’ என்ற கேள்வி கட்டாயம் எழும். அந்த வரம்பு 1990இல் வந்தது. அதற்கு முந்தைய பதவிக் காலங்கள் கணக்கில் சேரவில்லை. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வர்ஜீனியாவில் அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகிக்க முடியாது. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயரில் பதவிக் காலமே இரண்டு ஆண்டுதான்.

தொகைகளைக் கோடிக்கு மாற்றும்போது 1 பில்லியன் என்பது 100 கோடி. 2011இல் பிரவுன் எதிர்கொண்ட பற்றாக்குறை 2,500 கோடி டாலருக்கும் மேல். ஒரு சுழியம் நழுவினால் அந்த ஆண்டு ஜூனில் தன் கட்சியே நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டத்தை அவர் ஏன் நிராகரித்தார் என்பதே விளங்காது.