மழைக்காலத்துல ஆத்துல எறங்குறதுக்கு முன்னாடி

தலவாக்கலை பக்கம் கொத்மலை ஓயா கரையில இருக்கிறவங்க நெறய பேர் குளிக்கிறதும் உடுப்பு தொவைக்கிறதும் ஆத்துலதான், அதுல தப்பில்ல, ஆனா மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவமழை, அப்ப தண்ணிய நல்லா பாத்துட்டு எறங்குங்க.

இங்க வெயில் அடிக்குதேன்னு நம்பவே நம்பாதீங்க, மேல நானுஓயா பக்கம் கொட்டினா கொஞ்ச நேரத்துல இங்க ஆறு ஏறிடும். மொதல்ல கரையோரமா ஒரு கல்ல குறி வச்சுக்குங்க, அது முங்க ஆரம்பிச்சா ஒடம்புல சோப்பு இருந்தாலும் பரவால்ல, மேல ஏறிடுங்க. தண்ணி செம்மண்ணா கலங்குது, எல சுள்ளியெல்லாம் மெதந்து வருது, எரைச்சல் கூடுதுன்னா வெள்ளம் வருதுன்னு அர்த்தம்.

மேல் கொத்மலை டேமுக்கு கீழ இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், வான்கதவு தொறந்தா தண்ணி ஒரேயடியா வரும், சைரனோ அறிவிப்போ கேட்டா உடுப்பெடுக்கக்கூட நிக்காதீங்க, உசுருதான் முக்கியம்.

யாரையாச்சும் தண்ணி இழுத்துட்டா பின்னாடியே பாயாம கயிறு, சேலை, மூங்கில் எது கெடக்குதோ அத நீட்டுங்க, இன்னொருத்தர் 117க்கு, அதான் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, கோல் எடுக்கட்டும். சின்ன புள்ளைகள தனியா மட்டும் அனுப்பிடாதீங்க.