சாண வாயுவிலிருந்து முகப்பூச்சுப் பொடி: மலைநாட்டில் ஸ்பைருலினா வளர்த்துச் செய்யும் முறை

மாட்டுச் சாணத்தில் கிடைக்கும் உயிர்வாயுவில் ஏறத்தாழ 60 வீதம் மீதேன். மிச்சத்தில் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. அது எரியாது, சுடரை மந்தமாக்கிவிட்டுக் காற்றோடு போய்விடும். அதைச் சலவைச் சோடாக் கரைசலில் பிடித்துவிட்டால் அடுப்பும் நன்றாக எரியும், ஸ்பைருலினா என்ற நுண்ணிய பாசிக்கு (அல்காவுக்கு) தீனியும் கிடைக்கும். ஏற்கெனவே மாடும் உயிர்வாயுக் கலனும் வைத்திருப்பவர்களுக்கான வழிமுறை இது. இதற்காகவே புதுக் கலன் கட்ட வேண்டாம்.

தேயிலைத் தொழிற்சாலையின் விறகுப் புகையிலும் காபனீரொட்சைட்டு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் தாரும் கரியும் சேர்ந்தே வரும். தோலில் பூசும் பொருளுக்கு அது ஆகாது. கொழுந்தை "நொதிக்க" வைக்கும் இடத்திலும் பிடிக்க ஒன்றுமில்லை. பெயர்தான் நொதித்தல், நடப்பது ஒட்சியேற்றம். அது ஒட்சிசனை எடுக்கும் வேலை. சீனியில் ஈஸ்ட் போட்டு வாயு எடுப்பதும் நட்டம்: 1 கிலோ சீனிக்கு அரைக் கிலோ வாயுதான் வரும்.

வாயுவைப் பிடித்தல்

முதலில் ஐதரசன் சல்பைட்டை நீக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் தருவதும் குழாய்களை அரிப்பதும் அதுதான். துருப்பிடித்த இரும்பு நாரை ஒரு குழாயில் தளர்வாக அடைத்து வாயுவை அதன் வழியே விடுங்கள். நார் முழுக்கக் கறுத்ததும் மாற்றுங்கள். கழற்றிய நாரை உடனே தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். காற்றுப் பட்டால் சூடேறித் தானாகவே பற்றக்கூடும்.

அடுத்தது கோபுரம்: 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய், ஒன்றரை மீற்றர் உயரம். உள்ளே பழைய தண்ணீர்க் குழாயை 2–3 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி நிரப்புங்கள். வாயு கீழிருந்து ஏறும், சோடாக் கரைசல் மேலிருந்து சொட்டி இறங்கும். கரைசல் வாளிக்குள் வாயுவைக் குமிழிட விடலாமே என்று தோன்றும். மிதக்கும் மூடிக் கலனின் அழுத்தம் 10 சென்ரிமீற்றர் தண்ணீரைத் தள்ளவே திணறும், அடுப்பு அணைந்துவிடும். கரைசல் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் குழாயை "யு" வடிவில் வளைத்து, 15 சென்ரிமீற்றராவது தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் மீதேன் கசியும். கோபுரத்தைத் திறந்த வெளியில், கூரைக்குள் அடையாத இடத்தில் நிறுத்துங்கள். முதல் தடவை உள்ளிருக்கும் காற்று முழுதும் வெளியேறிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

கரைசலுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் நீரற்ற சலவைச் சோடா. பளிங்காக விற்கும் சோடாவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைய தண்ணீர்தான். அதுவானால் 135 கிராம் வேண்டும். கூடப் போட்டால் கூடப் பிடிக்கும் என்று 100 கிராம் போட வேண்டாம். சோடா வாயுவை வாங்கி அப்பச் சோடாவாக மாறும்போது, நுவரெலியாக் குளிரில் ஒரு லீற்றரில் 80 கிராமளவே கரைந்து நிற்கும். மேலதிகம் வெள்ளைப் பளிங்காகப் படிந்து கோபுரத்தை அடைத்துவிடும்.

புதுக் கரைசலில், காரத்தை அளக்கும் பீ.எச். தாள் 11-க்கு மேல் காட்டும். கீழே சேரும் கரைசலை மறுபடி மேல் வாளியில் ஊற்றிக்கொண்டே இருங்கள். 9.2 அளவுக்கு இறங்கியதும் நிறுத்துங்கள்.

தொட்டி

ஸ்பைருலினா 35 பாகை செல்சியஸை விரும்பும்; 20-க்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் ஸ்ட்ரோபெரி வளர்ப்பவர்கள் போடுவதுபோல் பொலித்தீன் கூடாரம் கட்டாயம். ஊவாப் பக்கம், பதுளையும் பண்டாரவளையும், இதற்கு வாய்ப்பான இடங்கள். அட்டன், நுவரெலியாவில் தென்மேல் பருவ மழை மாதங்களில் விளைச்சலை எதிர்பார்க்காதீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் தொடங்குங்கள்.

2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழம்: 300 லீற்றர். பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாய்வழி வழியும் நீர்) சுண்ணாம்பு குறைந்தது, நல்லதுதான். ஆனால் பீலி தேயிலை மலைக்குக் கீழே இருந்தால் களைநாசினி கலந்து வரலாம். களையைக் கொல்வது அல்காவையும் கொல்லும். மழைநீரோ, தேயிலைக்கு மேலுள்ள ஊற்றுநீரோ எடுங்கள். அதில் சேர்க்க வேண்டியவை:

- கோபுரக் கரைசல் 30 லீற்றர்
- உப்பு 1.5 கிலோ
- பொற்றாசியம் நைத்திரேற்று 600 கிராம்
- மொனோ அமோனியம் பொஸ்பேற்று 30 கிராம்
- மகனீசியம் சல்பேற்று 60 கிராம்
- பெரசு சல்பேற்று 3 கிராம், தேசிக்காய்ச் சாற்றில் கரைத்து

தோட்டத்தில் யூரியா சும்மா கிடைக்கிறதென்று நைத்திரேற்றுக்குப் பதில் கொட்டாதீர்கள். இந்தக் காரநீரில் அது அமோனியாவாக மாறி ஒரே இரவில் தொட்டியைக் கொன்றுவிடும்.

உயிருள்ள ஸ்பைருலினா வளரும் வித்துக் கரைசலை 30 லீற்றராவது ஊற்றுங்கள். குறைவாக இருந்தால் சிறு பாத்திரத்தில் இரட்டிப்பாக்கிக்கொண்டே வாருங்கள். பகலில் நாலைந்து தடவை துடுப்பால் மெதுவாகக் கலக்க வேண்டும்.

மலைநாட்டில் தொட்டிகள் அதிகம் கெடுவது குளிரால் மட்டுமல்ல, குளிர்ந்த காலையில் அடிக்கும் பளீரென்ற வெயிலால்தான். தண்ணீர் 12 பாகையில் இருக்கும்போது அல்காவால் அவ்வளவு ஒளியையும் பயன்படுத்த முடியாது. நிறம் கருகி மஞ்சளாகும். தண்ணீர் 18 பாகைக்கு வரும்வரை நிழல் வலையை விலக்காதீர்கள்.

பீ.எச். 9.5-க்கும் 10.5-க்கும் இடையில் இருக்கட்டும். அந்தக் காரத்தில் வேறு அல்காக்கள் நுழைவது கடினம். 10.5-ஐத் தாண்டினால் காபன் தீர்ந்துகொண்டிருக்கிறது: 10 லீற்றர் எடுத்துவிட்டுப் புதுக் கோபுரக் கரைசல் 10 லீற்றர் ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரில் சோடா இருக்கிறது. அதைப் புதுக் கரைசலோடு சரிபாதி கலந்து கோபுரத்துக்கே அனுப்புங்கள்; தனியே விட்டால் நுரைக்கும். இந்தச் சுற்றை விடாதீர்கள். சலவைச் சோடா செய்யும் ஆலையும் காபனை வெளியிடுகிறது. ஒரே சோடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் நம் கணக்கு நேர்மையானதாகும்.

மாதம் ஒருமுறை பாடசாலை நுணுக்குக்காட்டியில் 100 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். சுருள்வில் போன்ற இழைகள் தெரிய வேண்டும். உருண்டைக் கூட்டங்கள் பரவியிருந்தால் அந்தத் தொட்டி விளைச்சல் முகத்துக்கு வேண்டாம்.

அறுவடையும் உலர்த்தலும்

வெள்ளை மூடி ஒன்றைக் குச்சியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். 3 சென்ரிமீற்றரில் மறைந்தால் வடிக்கலாம். ஸ்கிரீன் அச்சுக்கான நுண்வலைத் துணியில் விடியற்காலை வடியுங்கள். மெல்லிய உப்பு நீரால் அலசி, கடைசியில் கொஞ்சம் நல்ல நீர் விடுங்கள். வடித்த பசைமேல் வைத்த பீ.எச். தாள் 8-க்குக் கீழ் வர வேண்டும், இல்லாவிட்டால் தோல் எரியும். வடிநீர் நீலமாக ஓடினால் நல்ல நீர் கூடிவிட்டது, கலங்கள் வெடிக்கின்றன என்று பொருள்.

துணியில் முறுக்கிப் பிழிந்து, ரொட்டி மாப் பதத்துக்கு வந்ததும் இடியாப்ப உரலில் போட்டுத் தட்டில் மெல்லிய இழைகளாகப் பிழியுங்கள். இழையாக இருந்தால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். அடையாகத் தட்டினால் வெளியே காய்ந்து உள்ளே புளிக்கும். வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் மின் உலர்த்தியில் 40–45 பாகையில் வைத்து, ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். இழையை வளைத்தால் கிளுக்கென்று ஒடிய வேண்டும். வெயில் வேண்டாம், பச்சை சாம்பலாகும். மூடுபனி நாளில் அரைக்காதீர்கள், தூள் ஈரம் குடிக்கும்.

நல்ல நாளில் சதுர மீற்றருக்கு 4 கிராம் கிடைக்கும். 2 சதுர மீற்றரில் 8 கிராம். அது இழுத்துக்கொண்ட காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 14 கிராம். சிறிய தொகைதான். விற்கும் பொடியின் சிட்டையில் (லேபிளில்) அதற்கு மேல் உரிமை கோராதீர்கள்.

பொடி

100 கிராமுக்கு வெண்களி (கயோலின்) 65, வறுத்து அரித்த அரிசிமா 25, ஸ்பைருலினா 10 கிராம். பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் வெண்களிப் படிவுகள் உண்டு, இறக்குமதி தேவையில்லை. ஸ்பைருலினாவைக் கூட்டினால் கடல்பாசி வாடை தூக்கலாகும். களியை 160 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கி ஆறவிட்டே கலக்குங்கள். ஸ்பைருலினாவை அப்படிச் சூடாக்க முடியாததால் வடிகட்டும் துணி, உரல், தட்டு எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவுவது முக்கியம். விற்பதானால் நுண்ணுயிரும் பார உலோகமும் சோதிக்கப்பட வேண்டும்: கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு மேல் கூடாது.

பொடியில் தண்ணீர் இல்லாததால் பதப்படுத்தி தேவையில்லை. ஒளி பட்டால் பச்சை வெளுக்கும். கபிலநிறப் போத்தலில் இறுக மூடுங்கள். தேக்கரண்டிப் பொடியை நீரில் குழைத்து, முதலில் முழங்கை உட்புறத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள். முகத்தில் 10 நிமிடம் போதும். வெள்ளைத் துவாயில் துடைக்காதீர்கள், பச்சைக் கறை போகாது. குழைத்த மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள்.