குழந்தையின் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

லேபிலிருந்து ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் பெற்றோர் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, பக்கத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறதா என்று தேடுவோம். இல்லையென்றால் நிம்மதி. பெரியவர்களின் ரிப்போர்ட்டுக்கு இது ஓரளவு ஒத்துவரும், குழந்தைகளுக்கு ஒத்துவராது. சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றாலும் அம்புக்குறி இல்லாத ரிப்போர்ட் வரலாம். ஒரு குறையும் இல்லாத குழந்தைக்கு மூன்று அம்புக்குறி வரலாம். என் மகனுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய்) வந்த பிறகு இந்தக் காகிதங்களோடுதான் வாழ்க்கை. டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் முதல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இது டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வியைக் கேட்கவும் மட்டுமே. மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழந்தைக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது, கட்டங்காபி நிறத்தில் போகிறது, மூச்சு வாங்குகிறது, வலிப்பு வந்தது என்றால் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 1: முதலில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

ரத்தப் பரிசோதனைக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மூன்றாவது படியில் தெரியும். ஸ்கூல் டைரியில் ஜூன் மாதம் எழுதிய உயரம் வேண்டாம். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டிப் பிடித்து, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளந்தால் போதும். சென்டிமீட்டரில் எழுதுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்க வைத்து அளக்க வேண்டும். அதை டாக்டரின் கிளினிக்கிலேயே செய்துகொள்வது நல்லது. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால், வேறு எதற்காக எடுத்ததாக இருந்தாலும், தேடி எடுத்து வையுங்கள்.

படி 2: யூரியா

இதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். வாந்தி, பேதியில் உடம்பில் தண்ணீர் குறைந்தாலே யூரியா ஏறும். ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் குழந்தைக்கும் ஏறலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில லேபில் ‘யூரியா’ என்று போடுவார்கள், சில லேபில் ‘பியுஎன்’ (யூரியாவில் உள்ள நைட்ரஜனின் அளவு மட்டும்) என்று போடுவார்கள். பியுஎன்னை 2.14 ஆல் பெருக்கினால் யூரியா வரும். போன மாதம் 14, இந்த மாதம் 30 என்று பதறுவதற்கு முன் இரண்டும் ஒரே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: கிரியேட்டினின்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். என்னை அதிகம் குழப்பிய இடமும் இதுதான்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அதிகமாக உண்டாகும். குழந்தைக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவு. தோராயமாகச் சொன்னால் கைக்குழந்தைக்கு 0.2 முதல் 0.4, பள்ளி செல்லும் பிள்ளைக்கு 0.3 முதல் 0.7, வளரிளம் பருவத்தில் 0.5 முதல் 1.0 மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு). ஆனால் பல லேப்களில் எல்லா வயதுக்கும் ஒரே வரம்பை அச்சடித்துவிடுகிறார்கள்: 0.6 முதல் 1.2. அது பெரியவர்களுக்கான வரம்பு.

என் மகனின் முதல் ரிப்போர்ட்டில் 0.38 என்று இருந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி. ‘கிட்னி வீக்கா இருக்கோ’ என்று வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். அந்த வயதுக்கு அது அருமையான எண் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இது வெறும் பயத்தோடு போய்விடும். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. 5 வயதுக் குழந்தைக்கு 0.9 என்று வந்தால் லேப் எந்தக் குறியும் போடாது, 0.6க்கும் 1.2க்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குழந்தையின் சிறுநீரகம் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு இதுதான்: உயரத்தை 0.413 ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். குழந்தை மருத்துவர்கள் இதை ஷ்வார்ட்ஸ் சூத்திரம் என்பார்கள். கிடைக்கும் எண்ணுக்கு இஜிஎஃப்ஆர் என்று பெயர், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்த நீரை வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு. ஆளின் உடல் அளவு எதுவாக இருந்தாலும் ஒப்பிட வசதியாக 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு என்று சமப்படுத்தியிருப்பார்கள்.

உயரம் 105 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 105 × 0.413 = 43.4. இதை 0.4 ஆல் வகுத்தால் 108. நன்றாக இருக்கிறது. 0.9 ஆல் வகுத்தால்? 48. இரண்டு வயதுக்கு மேல் 90க்கு மேல் இருக்க வேண்டிய எண் இது. சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலைதான் செய்கிறது, ரிப்போர்ட்டிலோ ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துப் போவீர்கள் என்றால் இதை எடுத்துப் போங்கள்.

இதில் கால் இடறும் இடங்கள் சில இருக்கின்றன.

இணையத்தில் தேடினால் 0.413க்குப் பதில் 0.55 என்று போட்ட கணக்கும் கிடைக்கும். அது 1976இல் வந்த பழைய சூத்திரம். அந்தக் காலத்து லேப் முறையில் கிரியேட்டினின் சற்று கூடுதலாகக் காட்டும், அதற்கேற்ற எண் அது. 2009இல் திருத்தி 0.413 ஆக்கினார்கள். பழைய எண்ணைப் போட்டால் மேலே சொன்ன 48, 64 ஆகத் தெரியும். இல்லாத ஆரோக்கியத்தைக் காட்டும்.

அடுத்தது, ரிப்போர்ட்டிலேயே இஜிஎஃப்ஆர் அச்சாகி வந்திருக்கலாம். அதை நம்பலாமா என்று சோதிக்க எளிய வழி: ரத்தம் எடுக்கும்போது குழந்தையின் உயரத்தைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அது பெரும்பாலும் பெரியவர்களுக்கான சூத்திரத்தில் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. பேனாவால் அடித்துவிட்டு நீங்களே போடுங்கள்.

மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள். தசமத்துக்குப் பிறகு எத்தனை இலக்கம் தருகிறார்கள்? நம் 105 சென்டிமீட்டர் குழந்தைக்கு ஒரு மாதம் 0.44, அடுத்த மாதம் 0.46 என்றால் கணக்கு 99, 94. பெரிய வித்தியாசம் இல்லை. அதையே லேப் ஓர் இலக்கமாகச் சுருக்கி 0.4, 0.5 என்று தந்தால் 108, 87. ஒரே மாதத்தில் 21 இறங்கியதுபோல் தெரியும்! பெரியவர்களுக்கு ஓர் இலக்கம் போதும், குழந்தைக்குப் போதாது. இரண்டு இலக்கம் தரும் லேபையே தேர்ந்தெடுங்கள். ‘கிரியேட்டினின் என்சைமேட்டிக் முறையா, ஜாஃபே முறையா’ என்றும் கேளுங்கள். என்சைமேட்டிக்தான் என் விருப்பம். 0.413 கணக்கு அந்த முறையை வைத்துத்தான் உருவானது. ஜாஃபேயில் மஞ்சள் காமாலை, சில ஆன்டிபயாடிக் எல்லாம் எண்ணைக் குழப்பும். எந்த லேப் என்று முடிவானதும் அதை மாற்றாதீர்கள்.

இந்தக் கணக்கு செல்லாத நேரமும் உண்டு. ஒரு வயதுக்குக் கீழே போடாதீர்கள். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் கிரியேட்டினின். பிறந்த குழந்தையின் வடிகட்டும் திறன் இயல்பாகவே குறைவாக இருந்து, ஏறக்குறைய இரண்டு வயதில்தான் முழு அளவுக்கு வரும். அதேபோல் குழந்தை அட்மிட் ஆகி, எண் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும்போதும் சூத்திரம் உதவாது, ஏற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் 0.4 என்பது 0.6 ஆனால் ஒன்றரை மடங்கு. அதையே திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு எண்ணுமே பார்வைக்குச் சாதுவானவை. பழைய ரிப்போர்ட்டைத் தேடி வையுங்கள் என்றது இதற்குத்தான்.

தசைநோய் உள்ள குழந்தைக்கும் ரொம்ப மெலிந்த குழந்தைக்கும் கிரியேட்டினின் எப்போதுமே குறைவாக இருந்து ஏமாற்றும். அவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை உண்டு. ஸ்டீராய்டு எடுத்தால் அதுவும் மாறும் என்பதால் டாக்டரிடம் மருந்துப் பட்டியலைச் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு குறைந்த எண்ணை வைத்து ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். பொதுவாக மூன்று மாதம் நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

படி 4: பொட்டாசியம், பாஸ்பரஸ்

குழந்தை திமிர, இருவர் பிடித்துக்கொள்ள, நரம்பு கிடைக்காமல் கையைப் பிழிந்து பிழிந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். ரிப்போர்ட்டில் 6 என்று காட்டும். அடியில் சின்ன எழுத்தில் ‘ஹீமோலைஸ்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம், அன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஏறியிருந்தால் அது இதயத்துடிப்பைப் பாதிக்கும். மறுபடி எடுக்க வேண்டுமா, ஈசிஜி வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

பாஸ்பரஸ் 5.2 என்று மேல் அம்புக்குறி வந்தால், எலும்பு வளரும் வயதில் அது இயல்பு. ஆல்கலைன் பாஸ்படேஸும் அப்படியே.

படி 5: சிறுநீர் ரிப்போர்ட்டைத் தனியாக எடுத்துப் படியுங்கள்

‘ஆர்எஃப்டி (கிட்னி ரத்த டெஸ்ட்) எல்லாம் நார்மல்னு சொல்றாங்க, ஆனா காலையில கண்ணு வீங்கியே இருக்கு’ என்று கேட்கும் அம்மாக்கள் நிறைய. இரண்டும் ஒருசேர இருக்கலாம். சிறுநீரகம் கழிவை நன்றாக வெளியேற்றிக்கொண்டே, உடம்புக்கு வேண்டிய புரதத்தையும் ஒழுகவிடும். ஓட்டை விழுந்த மாவுச் சல்லடையில் தவிடும் மாவோடு இறங்குவது மாதிரி. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் நடப்பது இதுதான். கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது.

சிறுநீர் ரிப்போர்ட்டில் ஆல்புமின் (புரதம்) என்ற வரியைப் பாருங்கள். நில், ட்ரேஸ், 1+, 2+, 3+, 4+ என்று இருக்கும். காய்ச்சலிலும் ஓடியாடி விளையாடிய பிறகும் கொஞ்சம் தெரியலாம். சில வளரிளம் பிள்ளைகளுக்கு நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் புரதம் இறங்கும், படுத்தால் நின்றுவிடும். அதில் கவலை இல்லை. இதையெல்லாம் பிரித்தறியத்தான் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேட்கிறார்கள். மதியம் லேபில் போய் அவசரத்துக்கு டப்பாவில் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

இதைவிடத் தெளிவானது சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் விகிதம். இரண்டு வயதுக்கு மேல் 0.2க்குள் இருக்க வேண்டும், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 0.5க்குள். 2ஐத் தாண்டினால் நெஃப்ராட்டிக் அளவு.

நெஃப்ராட்டிக் குழந்தை வீட்டில் இருந்தால் தினமும் காலையில் சிறுநீரில் ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பத்து கட்டம் உள்ள விலை கூடிய ஸ்ட்ரிப் எதுவும் தேவையில்லை. சர்க்கரை, புரதம் என்று இரண்டே கட்டம் உள்ள யூரிஸ்டிக்ஸ் போதும். சிக்கனத்துக்காக நீளவாக்கில் வெட்டிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். நனைத்ததும் விளிம்பை டிஷ்யூவில் ஒற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் வரை காத்திருந்து, வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற அதிகம். டியூப்லைட் மஞ்சளடித்துப்போன பாத்ரூமில் ட்ரேஸும் 1+உம் ஒன்றுபோலத் தெரியும், ஜன்னலோரம் கொண்டுபோங்கள். மூன்று நாள் தொடர்ந்து 3+ வந்தால் நோய் திரும்பியதாகக் கணக்கு, டாக்டரைக் கூப்பிடுங்கள். வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதை எழுதிவைக்கச் சில ஆப்கள் இருக்கின்றன. எனக்குக் கோடு போட்ட நோட்டுதான் பிடிக்கும். தேதி, எடை, ஆல்புமின், ரத்த அழுத்தம், அன்றைய மாத்திரை, அவ்வளவுதான். ஓபியில் டாக்டர் ஒரு நிமிடத்தில் புரட்டிப் பார்த்துவிடுவார். ரத்த அழுத்தம் பார்க்கும்போது குழந்தைக்கான சின்ன கஃப் கட்டச் சொல்லுங்கள். பெரியவர்களின் கஃப் கட்டினால் அழுத்தம் குறைவாகக் காட்டும், இருக்கும் பிரச்சினை மறைந்துவிடும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

காய்ச்சலுக்கு என்ன கொடுக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாந்தி, பேதியோடு காய்ச்சல் அடிக்கும் குழந்தைக்கு ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் உள்ள சிரப்பை மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே வழக்கம்.

ஒரு வாசகிக்குப் புரத விகிதம் 180 என்று வந்து அதிர்ந்துபோனார். அந்த லேப் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் புரதம் என்று தந்திருக்கிறது. ஆயிரத்தால் வகுத்தால் 0.18, முற்றிலும் இயல்பு. எண்ணுக்கு முன்னால் அலகைப் படியுங்கள்.

எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு: கணக்கு 90க்குக் கீழ் வந்தாலோ, ஆல்புமின் தொடர்ந்து 2+க்கு மேல் இருந்தாலோ குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவரையே பாருங்கள். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் அதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் ‘எங்கள் ரிப்போர்ட்டில் 35 என்று இருக்கிறதே’ என்று எழுதியவர்களுக்கு: அது மைக்ரோமோல் அலகு. 88.4 ஆல் வகுத்தால் நம் ஊர் எண் வரும், உங்கள் 35 இங்கே 0.40. நேராகக் கணக்குப் போட வேண்டுமென்றால் 0.413க்குப் பதில் 36.5 ஆல் உயரத்தைப் பெருக்கி, உங்கள் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.