சல்பைன்: கந்தக இரசாயனத்தின் ஓர் அருஞ்சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் உயர்தர இரசாயனவியல் கற்கும் மாணவர்கள், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் விளையும் சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு விஞ்ஞானக் கண்காட்சிக்கோ பாடசாலைச் சஞ்சிகைக்கோ ஏதேனும் ஆயத்தம் செய்ய முற்பட்டால், கண்ணெரிச்சலைத் தரும் பொருளின் பெயரைத் தேடிச் செல்லும் வழியில் ‘சல்பைன்’ என்ற சொல்லை எதிர்கொள்ளக்கூடும். அன்றாடம் கண்ணில் படாத சொல் என்பதால், ஒலியால் நெருங்கிய வேறு கந்தகச் சொற்களுடன் இதைக் கலந்து எழுதிவிடுவது எளிது. இச்சொல்லை எந்த இடத்தில் எழுதலாம், எந்த இடத்தில் எழுதலாகாது என்பதையே இங்கு விளக்குகிறேன்.

சல்பைன் என்பது தனியொரு பொருளின் பெயர் அன்று. அது சேர்வைகளின் ஒரு வகுப்பைக் குறிக்கும் பெயர். ஓர் அல்டிகைட்டின் அல்லது கீற்றோனின் காபனைலில், அதாவது காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த பகுதியில், உள்ள ஒட்சிசனின் இடத்தில் கந்தகம் அமர்ந்தால், கிடைப்பது தயோ அல்டிகைட்டு அல்லது தயோ கீற்றோன் ஆகும். அந்தக் கந்தகத்தின் மீது மேலும் ஓர் ஒட்சிசன் ஏறினால் அது சல்பைன். ஆகவே, ஒரு கட்டமைப்பைப் பார்த்ததும் செய்யவேண்டிய சோதனை இதுதான்: காபனுக்கும் கந்தகத்துக்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா, அதே கந்தகத்தில் ஒரேயோர் ஒட்சிசன் மட்டும் முனையில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை ஆம் என்றால் சல்பைன் என்று எழுதலாம். கந்தகத்தில் இரண்டு ஒட்சிசன்கள் இருந்தால் அதன் பெயர் சல்பீன். ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு என்பதால், கையெழுத்துப் பிரதியில் இந்த இரண்டையும் இருமுறை சரிபார்த்தே ஆகவேண்டும்.

வரையும்போது காபன், கந்தகம், ஒட்சிசன் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தக் கூடாது. கந்தகத்தில் பிணைப்பில் பங்கேற்காத ஒரு தனிச்சோடி இலத்திரன்கள் உள்ளமையால் மூலக்கூறு அவ்விடத்தில் வளைகிறது; மிக எளிய சல்பைனாகிய மெதேன்தயல் எஸ்-ஒட்சைட்டில் (‘எஸ்’ என்பது ஒட்சிசன் கந்தகத்தின் மீது இருப்பதைக் காட்டும் குறி) அக்கோணம் ஏறத்தாழ 115 பாகை. இந்த வளைவை விட்டுவிட்டால் ஒரு முக்கியமான செய்தி தொலைந்துபோகும். காபனில் உள்ள இரண்டு கூட்டங்களும் வேறுவேறாக இருக்கையில், ஒட்சிசன் எந்தக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு கேத்திரகணிதச் சமபகுதியங்கள், அதாவது ஒரே பிணைப்புகளைக் கொண்டு வெளியமைப்பில் மட்டும் வேறுபடும் வடிவங்கள், உண்டாகின்றன. நேர்கோட்டில் வரைந்த படம் அவற்றைக் காட்டாது.

இச்சொல்லைப் பழகிக்கொள்ள வெங்காயத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. முழு வெங்காயம் கையில் இருக்கும்வரை கண் எரிவதில்லை என்பதைக் கவனியுங்கள். கலத்தின் குழியவுருவில் ஐசோஅலியின் என்ற சல்பொட்சைட்டு இருக்கிறது. அதனை உடைக்கும் அலினேசு என்ற நொதியமோ கலத்தினுள் புன்வெற்றிடம் என்ற திரவப் பையில் பிரிந்து கிடக்கிறது. கத்தி கலங்களைக் கிழித்ததும் இரண்டும் சந்தித்து, புரொப்பீன்சல்பெனிக்கமிலம் தோன்றுகிறது. பின்னர் வேறொரு நொதியம் அதன் அணுக்களை இடம்மாற்றி அடுக்க, புரொப்பேன்தயல் எஸ்-ஒட்சைட்டு பிறக்கிறது. அதுவே கண்ணீரை வரவழைக்கும் சல்பைன். இந்த இரண்டாவது நொதியத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில்தான் அறிவித்தார்கள். அதற்கு முன்னர் அலினேசின் வேலை முடிந்ததும் மீதி தானாகவே நடக்கிறது என்று கருதப்பட்டது. கண்காட்சியில் செய்துகாட்ட விரும்புவோர், ஒரு வெங்காயத்தைப் பச்சையாகவும் மற்றொன்றை முழுதாக அவித்து ஆறவைத்தும் வெட்டிக் காட்டலாம். சூட்டினால் நொதியங்கள் செயலிழந்துவிடுவதால், நன்கு அவிந்த வெங்காயம் கண்ணைச் சீண்டாது.

இந்த ஒரே வெங்காயத்துக்குள் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய மூன்று வகுப்புப் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஐசோஅலியின் ஒரு சல்பொட்சைட்டு. அதில் கந்தகம் இருபுறமும் காபனுடன் ஒற்றைப் பிணைப்பால் பிணைந்து, மேலே ஒட்சிசனைத் தாங்குகிறது. இடையில் தோன்றுவது சல்பெனிக்கமிலம். அதில் கந்தகத்தை அடுத்து ஒட்சிசனும் அதனை அடுத்து ஐதரசனும் நிற்கின்றன. இறுதியில் வருவதே சல்பைன். கடைசி இரண்டுக்கும் மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றேதான்: மூன்று காபன், ஆறு ஐதரசன், ஓர் ஒட்சிசன், ஒரு கந்தகம். எனவே சூத்திரத்தை மட்டும் எழுதிவிட்டுச் சல்பைன் என்று பெயரிடுவது போதாது. பிணைப்புகளைக் காட்டியே தீரவேண்டும். உள்ளியில் (வெள்ளைப்பூண்டில்) இந்தச் சல்பைன் உண்டாவதில்லை. அங்கு சல்பெனிக்கமில மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நீரை இழந்து, அலிசின் என்ற தயோசல்பினேற்றை (இரண்டு கந்தகங்கள் இணைந்து, அவற்றில் ஒன்று ஒட்சிசனைத் தாங்கும் சேர்வையை) தருகின்றன.

வாக்கியத்தில் அமைக்கும்போது, “வெங்காயத்தில் சல்பைன் இருக்கிறது” என்று எழுதுவது இருவகையில் தவறு: வெட்டப்படாத வெங்காயத்தில் அது இல்லை, வகுப்புப் பெயர் ஒரு பொருளின் பெயராகவும் நிற்காது. “வெங்காயத்தை வெட்டும்போது புரொப்பேன்தயல் எஸ்-ஒட்சைட்டு என்ற சல்பைன் உண்டாகிறது” என்பதே சரியான வாக்கியம். கண்ணில் சல்பூரிக்கமிலம் உண்டாவதால்தான் எரிகிறது என்று பலர் எழுதுவதையும் இங்கு திருத்திக்கொள்ளலாம். ஆவியாகி வரும் சல்பைனே கண்ணின் முன்படலத்திலுள்ள உணர்நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, கண்ணீர் அதற்கான தெறிவினையாகச் சுரக்கிறது.

பழைய நூல்களைப் புரட்டுவோருக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இரசாயன எழுத்துகளில் ‘மும்மெதயில் சல்பைன் அயடைட்டு’ என்பது போன்ற பெயர்கள் வருகின்றன. அவற்றில் மூன்று காபன் கூட்டங்களைத் தாங்கி நேரேற்றம் பெற்ற கந்தகமே குறிக்கப்படுகிறது. அதற்கு இன்று வழங்கும் பெயர் சல்போனியம். பெயரின் ஈற்றில் அயடைட்டு, குளோரைட்டு போன்ற எதிரயன் (எதிரேற்றம் பெற்ற துணிக்கை) நின்றால், அது பெரும்பாலும் இப்பழைய வழக்கே என்று கொண்டு, உங்கள் கட்டுரையில் சல்போனியம் என்று மாற்றி எழுதுங்கள்.