வைத்த வெல்டு ஏன் மறுநாளே விடுகிறது? ஜேசிபி, ஹிட்டாச்சி வேலையில் நாம் செய்யும் தவறுகள்

பங்குனி பிறந்து கண்மாய்களில் தண்ணீர் வற்றியதும் எங்கள் பக்கம் மண் அள்ளும் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. காரைக்குடி, கல்லல், தேவகோட்டை சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் வண்டல் அள்ளவோ, கரை உயர்த்தவோ, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கவோ ஒரு வண்டி உறுமிக்கொண்டிருக்கும். மேல் வண்டல் வெண்ணெய் மாதிரி வரும். அடியில் செம்புறாங்கல் தட்டியதும் பக்கெட் பல் ஆட ஆரம்பிக்கும். வெல்டு வைத்து அனுப்புவோம். மறுநாள் காலை ஆபரேட்டர் தம்பி போனில் கூப்பிடுவார்: "அண்ணே, நேத்து வச்ச வெல்டு விட்டுருச்சுண்ணே."

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் இந்தப் போன் நிறைய வந்திருக்கிறது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அதன் மேலேயே இன்னும் இரண்டு சுற்று தடிமனாக வைப்பது. ஒருநாள் பட்டறைக்கு வந்த பெரியவர் ஒருவர், பிய்ந்து வந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். நான் வைத்த வெல்டு முழுசாக இருந்தது. அதை ஒட்டியிருந்த இரும்புதான் கிழிந்திருந்தது. "நீ ஒட்டுனது நல்லாத்தான் ஒட்டியிருக்கு தம்பி, பக்கத்துல இருக்கிறத கொன்னுட்ட" என்றார். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

முதல் தவறு, எல்லாவற்றுக்கும் 6013 என்ற ஒரே வெல்டிங் ராடு. கேட், கிரில், வண்டி மட்கார்டு, டிப்பர் பாடியின் மெல்லிய தகடு இதற்கெல்லாம் அது தங்கமான ராடு. சுலபமாகப் பற்றும், கசடு தானாகக் கழன்று விழும், பார்க்க அழகாக இருக்கும். பக்கெட் உதடு, பல் மாட்டும் அடாப்டர், பக்கெட்டைத் தூக்கும் கைகளான பூம், ஆர்ம் போன்ற தடித்த, இழுபடும் இடங்களுக்கு 7018 வேண்டும். பலர் நினைப்பதுபோல 60ஐ விட 70 பெரிது என்பது மட்டும் காரணமில்லை. அந்த எண் வெல்டின் இழுவலிமையை, சதுர அங்குலத்துக்கு எத்தனை ஆயிரம் பவுண்டு என்று சொல்கிறது. 60,000க்கும் 70,000க்கும் உள்ள வித்தியாசத்தில் பக்கெட் உடைவதில்லை. முக்கியமானது கடைசியில் உள்ள 8. அது மேல்பூச்சைக் குறிக்கிறது: ஹைட்ரஜன் குறைவாக விடும் பூச்சு. பெட்டியில் எச்4 என்று போட்டிருந்தால், 100 கிராம் வெல்டில் 4 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் ஏறாது என்று பொருள்.

ஹைட்ரஜனுக்கு ஏன் இத்தனை பயம்? ஈரம், எண்ணெய், பெயின்ட், துரு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ராடு முனையில் எரியும் மின்பொறியின், அதாவது ஆர்க்கின் சூட்டில் பிரிந்து உருகிய இரும்புக்குள் நுழைகிறது. பக்கெட் உதடும் அடாப்டரும் சாதாரண இரும்பு இல்லை, கடினப்படுத்திய எஃகு. வெல்டுக்குப் பக்கத்தில் சூடாகி, சட்டென்று குளிர்ந்த பட்டை கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். அங்கே ஹைட்ரஜனும் சேர்ந்து, இழுவையும் இருந்தால் உள்ளுக்குள் கீறல் விழும். அது உடனே விழுவதில்லை என்பதுதான் வில்லங்கம். சில மணி நேரமோ, இரண்டு நாளோ கழித்து விழும். நாம் காசு வாங்கி வீட்டுக்குப் போய்த் தூங்கிய பிறகு.

காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வெட்கம் உண்டு. இரும்பு அரிப்பை ஆராயும் சிக்ரி நிலையம் 1953லிருந்து இந்த ஊரிலேயே இருக்கிறது. நாமோ துருவின் மேலேயே வெல்டு வைக்கிறோம்! துரு என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு. கிரைண்டரால் பளபளவென்று உலோகம் தெரியத் தேய்த்த பிறகுதான் ராடைத் தொட வேண்டும். கிரீஸ் படிந்திருந்தால் அதை முதலில் துடைத்து எடுங்கள்; அப்படியே கிரைண்டர் பிடித்தால் தேய்த்துப் பரப்பியதாகத்தான் ஆகும்.

அடுத்தது, ராடை வைத்துக்கொள்ளும் விதம். இந்த ஊரில் ஆச்சிமார் சீப்புச் சீடையைச் சுட்டுச் சூடு ஆறியதும் டின்னில் போட்டு இறுக மூடுவார்கள். ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் நமுத்துவிடும் என்று தெரியும். 7018 ராடும் அப்படியேதான் நமுக்கும், ஆனால் கடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்த பாக்கெட்டை வண்டி டூல் பாக்ஸில் போட்டு வைத்து, தையில் எடுத்து ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரித்த ராடை 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். நமுத்ததை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் ஒரு மணி நேரமாவது உலர்த்த வேண்டும். சரியான கணக்கு பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் காயவைத்தால் போதும் என்பது வெறும் ஆறுதல், சித்திரை வெயிலானாலும் சரி. தண்ணீரில் நனைந்த ராடை உலர்த்தவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். 6010, 6011 ராடுகளுக்கு இது நேர்மாறு. அவற்றின் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், சூட்டுப் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும்.

ஒட்டும் முன் இரும்புக்குச் சூடு காட்டாமல் ஒட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. "நம்ம ஊரு வெயிலே போதும்ணே" என்பார்கள். தொட்டால் சுடும் இரும்பு 50 டிகிரிதான் இருக்கும். தடித்த அடாப்டருக்கும் உதட்டுக்கும் 150 டிகிரி அளவு வேண்டியிருக்கும். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டாமல் பரவலாக, வெல்டு வரும் இடத்துக்கு இருபுறமும் 3 அங்குலம் வரை, அடிவரைக்கும் சூடு இறங்கும்படி காட்டுங்கள். சூடு பார்க்க உருகும் சாக்பீஸ் கிடைக்கிறது, கையில் பிடிக்கும் வெப்பமானி துப்பாக்கியும் கிடைக்கிறது. எச்சில் துப்பிப் பார்ப்பது வேண்டாம். அதிகமாகக் காட்டுவதும் தவறு: ஹார்டாக்ஸ் மாதிரியான தேய்மானத் தகடுகள் 250 டிகிரி தாண்டினால் கடினத்தை இழக்கத் தொடங்கும், பிறகு அவ்வளவு விலை கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த உமிச் சாம்பலோ காய்ந்த மணலோ போட்டு மூடி மெதுவாக ஆறவிடுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு விதிவிலக்கு. கல் குவாரி கிரஷரின் தாடைத் தகடுகள் பெரும்பாலும் மாங்கனீஸ் எஃகு, 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது. அதற்குச் சூடு எமன். 260 டிகிரியைத் தாண்டி நேரம் ஆக ஆக நொறுங்கும் தன்மை வந்துவிடும். சிறு சிறு துண்டாக வைத்து, அடுத்ததைத் தள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் மாங்கனீஸ் என்று சந்தேகப்படலாம், ஆனால் வேலை பார்த்து இறுகிய மேற்பரப்பு லேசாகப் பிடிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பாருங்கள். ராடும் அதற்கான மாங்கனீஸ் ராடோ 307, 309 வகை ஸ்டெயின்லெஸ் ராடோ எடுக்க வேண்டும்.

விரிசலை மேலோடு மூடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. பூமில் கோடு தெரிந்தால் அது எங்கே முடிகிறது என்று விரிசலுக்குள் இறங்கிக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை பெனட்ரன்ட் ஸ்பிரே அடித்துக் கண்டுபிடியுங்கள். இரண்டு முனையிலும் துளை போட்டு, மற்றதை அடிவரை குடைந்து எடுத்து, 60 டிகிரி வி வடிவ பள்ளம் செய்த பிறகே ராடு. மேலே ஒட்டுத் தகடு வைப்பதாக இருந்தால் சதுரமாக வெட்டிக் குறுக்கே வெல்டு வைக்காதீர்கள். பூம் வளையும் இழுவை அத்தனையும் அந்தக் குறுக்குக் கோட்டில் வந்து நின்று அங்கேயே புது விரிசல் பிறக்கும். தகட்டின் இரு முனையையும் மீன்வாய் போல வெட்டினால் இழுவை பரவிப் போகும்.

கைவேலைக்கு வருவோம். 7018க்கு, ராடைப் பிடிக்கும் ஹோல்டர் மெஷினின் பாசிட்டிவில் இருக்க வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினில் அது தெறித்துத் தெறித்து அணைந்தால் ராடைத் திட்டாதீர்கள், மெஷினின் வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். 10 கேஜ் ராடுக்கு 100 முதல் 140 ஆம்ப்ஸ், 8 கேஜுக்கு 140 முதல் 190. ஆர்க் நீளம் ராடின் கனத்துக்கு மேல் போகக்கூடாது. 6010 பழகியவர்கள் ராடை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். 7018ல் அப்படி ஆட்டினால் காற்று புகுந்து உள்ளே குமிழ் விழும். ஆரம்பத்தில் ஊசித் துளை விழுகிறதா? ஆர்க்கைக் கொஞ்சம் முன்னால் பற்றவைத்து, பின்னால் வந்து, பற்றவைத்த இடத்தின் மேலேயே உருக்கிக்கொண்டு போங்கள். பற்றவைப்பதைப் பள்ளத்துக்குள்ளேயே செய்யுங்கள். பக்கத்துத் தகட்டில் கீறிப் பற்றவைத்த சின்னப் பொட்டுகூடக் கடின எஃகில் ஒரு விரிசலின் விதை.

பல்லும் உதடும் தேயாமல் இருக்க ஹார்டுஃபேசிங் என்னும் கடினமான மேல்வெல்டு வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் மண்ணில், மணலில் வேலை என்றால் கோடுகளை மண் ஓடும் திசைக்குக் குறுக்கே வையுங்கள். இடையில் மண் அடைந்து அதுவே கவசமாகும். பாறையில் என்றால் ஓடும் திசையிலேயே. செம்புறாங்கல்லும் மண்ணும் கலந்த நம் ஊர் வேலைக்குக் கட்டம் போட்டு வைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் ஏற்றாதீர்கள், உரிந்து வந்துவிடும். அதில் குறுக்கே மெல்லிய கீறல்கள் விழுவது இயல்பு, பதற வேண்டாம். ஆனால் அந்த ராடை வைத்து எதையும் ஒட்டாதீர்கள், அது ஒட்டுவதற்கான ராடு இல்லை.

மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் எர்த் கிளாம்பை வண்டியின் செயினில் மாட்டிவிட்டுப் பக்கெட்டில் வெல்டு வைக்கிறவர்கள் மூட்டுகளின் பின், புஷ் இரண்டையும் ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டையும் பொசுக்குகிறார்கள். ஒட்டும் துண்டிலேயே, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், நெகட்டிவை முதலில். கம்ப்யூட்டர் பெட்டி உள்ள வண்டியென்றால் அதன் பிளக்கையும். ஹோஸ் பக்கத்தில் இருந்தால் நனைத்த சாக்கு போட்டு மூடலாம், வெல்டில் ஈரம் படாமல்.

வேலை முடிந்ததும் ஆபரேட்டரிடம் சொல்லி வையுங்கள்: மூன்றாம் நாள் ஒருமுறை வண்டியைக் காட்டச் சொல்லி. சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். வெல்டின் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தால், மேலே இன்னொரு சுற்று வைக்கும் ஆசையை விட்டுவிட்டுக் கிரைண்டரை எடுங்கள்.